ரம்பத்துக்குப் புது மேசை

ரம்ப மெஷின் நேராக அறுக்கவில்லை என்று யாராவது வந்து சொன்னால், நான் முதலில் மேசையில்தான் கையை வைப்பேன். வந்தவர்களுக்கு இது பிடிக்காது. "பிளேடு புதுசுங்கண்ணா. பேரிங் மாத்தியாச்சு, பெல்ட்டும் மாத்தியாச்சு" என்று செலவுக் கணக்கை ஒப்பிப்பார்கள். மேசையைப் பற்றிக் கேட்டால், "அது வார்ப்பிரும்புங்களே, அதுக்கு என்ன ஆகப்போவுது?" என்பார்கள். சுற்றுகிற பாகம்தான் தேயும், சும்மா கிடக்கிற பாகம் தேயாது என்று ஒரு நம்பிக்கை. அந்தச் சும்மா கிடக்கிற பாகத்தின் மேல்தான் வருஷக்கணக்கில் மரம் உரசிக்கொண்டு போகிறது.

எனக்குக் கோயமுத்தூர் கணபதியில் பேட்டர்ன் பட்டறை. பம்புக் கூடு, மோட்டார் கூடு, புல்லி, மெஷின் கால் எதுவானாலும் இரும்பில் வார்ப்பதற்கு முன் அதே உருவத்தை மரத்தில் செய்தாக வேண்டும். அந்த மர உருவத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். அதை மண்ணில் பதித்து எடுத்தால் பள்ளம் நிற்கும். பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றினால் வார்ப்பு. 1888-ல் இந்த ஊருக்கு முதல் நூற்பாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லும் பம்பும் பெருகின, கூடவே பவுண்டரிகளும் பெருகின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ல் இங்கே மின் மோட்டார் செய்ததைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதன் கூட்டுக்கு மரத்தில் உருவம் செதுக்கிக் கொடுத்தவர் யார் என்று கேட்க ஆளில்லை. எங்கள் தொழில் அப்படிப்பட்டது, விடுங்கள்.

எங்களுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய அளவு. வீட்டுக் கதவு ஒரு மில்லி தடித்தால் இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்துச் சரிசெய்துவிடலாம். பேட்டர்னில் ஒரு மில்லி தப்பினால், அதிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு வார்ப்பும் அதே ஒரு மில்லி தப்பும். அதனால் பட்டறையில் எந்த மெஷினை நம்பலாம், எதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தினசரிக் கவலை.

வட்டரம்பத்தின் அமைப்பு எளிதுதான். கீழே மோட்டார், பெல்ட், தண்டு. தண்டில் வட்டமான பிளேடு. மேலே மேசை. மேசையில் உள்ள பிளவு வழியாகப் பிளேடின் மேல்பகுதி வெளியே நிற்கும். பிளேடு இருந்த இடத்திலேயே சுற்றும்; மரம்தான் மேசைமேல் நகர்ந்து போய் அறுபடும். ஆகவே அறுப்பு செங்குத்தா சாய்வா என்பதை முடிவு செய்வது பிளேடு மட்டுமல்ல, மரம் உட்கார்ந்திருக்கிற தளமும்தான். பிளேடுக்குப் பக்கத்தில், அதற்கு இணையாக, மேசையில் ஒரு காடி ஓடும். ஆறு நூல் அகலம், மூன்று நூல் ஆழம் (அங்குலத்துக்கு எட்டு நூல்). குறுக்கே வெட்டும்போது கோண கைடு அந்தக் காடியில்தான் ஓடும். காடி தேய்ந்து அகலமானால் கைடு ஆடும்; கைடு ஆடினால் கோணம் போயிற்று.

எவ்வளவு போகும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். புல்லி பேட்டர்னின் வளையத்தை ஒரே கட்டையில் குடைய மாட்டோம். நார் ஓட்டம் குறுக்கே விழுந்து உடைந்துவிடும். 12 துண்டுகளை வட்டமாக ஒட்டுவோம். ஒவ்வொரு துண்டின் இரு முனையும் 15 டிகிரி. ஆக 24 வெட்டு. ஒரு வெட்டில் பத்தில் ஒரு பங்கு டிகிரி தப்பினால் கண்ணுக்கே தெரியாது. 24 வெட்டிலும் அதே பக்கம் தப்பினால் வட்டம் மூடும் இடத்தில் 2.4 டிகிரி இடைவெளி. 200 மில்லி ஆரமுள்ள வளையத்தில் அது 8 மில்லிக்கு மேல் வாய் பிளந்து நிற்கும். குழிந்த மேசையின் கணக்கும் இதே மாதிரிதான். 150 மில்லி அகலக் கட்டை ஒரு பக்கம் அரை மில்லி இறங்கி உட்கார்ந்தால், 75 மில்லி தடிமனை அறுக்கும்போது மேலுக்கும் கீழுக்கும் கால் மில்லி சாய்வு. ஒட்டுகிற முகம் ஒவ்வொன்றையும் கையால் இழைத்துச் சரிசெய்ய வேண்டியதுதான். பிறகு மெஷின் எதற்கு?

என் ரம்பம் மூடிப்போன ஒரு நூற்பாலையின் மரப் பட்டறையில் இருந்து வந்தது. பெயர்த் தகடு எப்போதோ கழன்றுவிட்டது, ரிவெட் அடித்த நாலு ஓட்டை மட்டும் உண்டு. 12 அங்குல பிளேடு, கனமான வார்ப்பிரும்பு உடம்பு, 36 அங்குலத்துக்கு 27 அங்குல மேசை. நூல் பெட்டி செய்யும் பலகை, மணல் ஒட்டிய பேக்கிங் கட்டை, ஆணி ஒளிந்திருக்கும் பழைய சட்டம் எல்லாம் அந்த மேசைமேல் ஓடியிருக்கிறது. தேக்கு மட்டும் அறுத்தாலும் தேயும். தேக்குக்குள் நுண்ணிய சிலிக்கா, அதாவது மணலின் இனம், இயற்கையாகவே இருக்கிறது. பிளேடை மழுக்குவது அதுதான், மேசையைத் தேய்ப்பதும் அதுதான்.

ஒரு மீட்டர் நீள இரும்பு மட்டக்கோலை மேசைமேல் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஓரங்களில் மெல்லிய தகடே நுழையவில்லை. பிளேடுக்கு முன்னால், மரத்தைத் தள்ளுகிறவர் கை அழுத்தம் விழுகிற இடத்தில், 0.7 மில்லி தகடு தாராளமாகப் போய் வந்தது. மூலைவிட்டமாக வைத்தால் வேறு கணக்கு: ஒரு மூலை தூக்கியிருந்தது. முதலாவது அம்மி தேய்வதைப் போன்ற தேய்வு. இரண்டாவது தேய்வல்ல, முறுக்கு. இது போக, பிளேடு வாயிலிருந்து பக்கத்துப் போல்ட் ஓட்டை வரை தலைமுடி போல ஒரு விரிசல். காடியின் உதடு ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது.

பழைய மேசையையே பிளானிங் மெஷினில் போட்டு ஒரு சீவு சீவினால் போதாதா என்று பட்டறைத் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பெரும்பாலான மேசைகளுக்கு அதுதான் வைத்தியம், செலவும் குறைவு. இந்த மேசையை மில்லிலேயே யாரோ ஏற்கெனவே சீவியிருக்கிறார்கள். பிளேடு வாயில் அளந்தால் தடிமன் 8 மில்லிதான் மிச்சம். இன்னும் சீவினால் மேசையே தகடாகிவிடும். விரிசலுக்கு நிக்கல் ராடு போட்டு வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வார்ப்பிரும்பைப் பதமாகச் சூடாக்கி, ஒட்டி, மெல்ல ஆறவைத்தால் பிடிக்கும். ஆனால் அந்தச் சூட்டிலேயே மேசை இன்னொரு திசையில் வளையும். வேண்டாம் என்று விட்டேன். பேட்டர்ன் செய்வதே தொழிலாக இருக்கிறவன் தன் மேசைக்குப் பேட்டர்ன் செய்யாமல் வெல்டரிடம் போய் நிற்பதா என்ற வீம்பும் கொஞ்சம் உண்டு.

பேட்டர்ன் செய்யும்போது முதலில் ஸ்கேலை மாற்ற வேண்டும். உருகிய இரும்பு உறையும்போதும் ஆறும்போதும் சுருங்கும். சாம்பல் வார்ப்பிரும்புக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்று கணக்கு. 36 அங்குல மேசைக்கு 9 மில்லி. இதை ஒவ்வொரு அளவுக்கும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்பதால் எங்களிடம் சுருக்க ஸ்கேல் என்று ஒன்று இருக்கும். அதில் 1,000 மில்லி என்று போட்டிருக்கும் இடம் உண்மையில் 1,010-ல் இருக்கும். வேறு யாராவது எடுத்து வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்துவிடப் போகிறார்கள் என்று நான் அதைத் தனி ஆணியில் மாட்டி, சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்தது மெஷினிங்குக்கான கூடுதல். மேல்முகத்தை முழுவதும் சீவப் போகிறோம் என்பதால் 4 மில்லி சேர்த்து, 12 மில்லி வேண்டிய பலகையை 16 ஆக வைத்தேன். மூன்றாவது டேப்பர்: மண்ணிலிருந்து பேட்டர்னைத் தூக்கும்போது பக்கங்கள் மண்ணை உடைக்காமல் வழுக்கி வர வேண்டும், அதற்கு ஒன்று இரண்டு டிகிரி சாய்வு. அடியில் ரிப்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இடத்தில் கூர்மையான உள்மூலை இருக்கக் கூடாது. கூர்மூலையில்தான் ஆறும்போது விரிசல் பிறக்கும். மூலைகளில் மெழுகும் தோலும் வைத்து உருட்டினேன்.

இந்தப் பேட்டர்னுக்கான தேக்கையும் குமிழ் மரத்தையும் அறுத்தது அதே தேய்ந்த மேசைதான். வேறு ரம்பம் ஏது? ரம்பம் கொடுத்த முகத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் நீள இழைப்புளியில் இழைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டினேன். பிறகு அரக்குப் பூச்சு, அதன்மேல் வண்ணம். மெஷினிங் வருகிற முகத்துக்கு மஞ்சள், வார்ப்பு முகமாகவே விடுகிற இடத்துக்குச் சிவப்பு. பவுண்டரியில் இருப்பவர் வரைபடம் படிக்க வேண்டியதில்லை. நிறம் பார்த்தால் போதும்.

பவுண்டரியில் மோல்டர் என்னைவிட இளையவர், ஆனால் மண்ணைக் கையில் பிடித்தே ஈரம் சொல்லக்கூடியவர். பேட்டர்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முகம் மேலயா கீழயாங்கண்ணா?" என்றார். "கீழ வைங்க தம்பி." "பாக்ஸ் தூக்கறதுக்குச் சிரமமுங்களே." "சிரமந்தான். அப்பறம் மேசையில ஓட்டை வந்தா உங்களையா தேடறது, என்னையா தேடறது?" சிரித்துக்கொண்டே கீழே வைத்தார்.

காரணம் இதுதான். உருகிய இரும்பில் கசடும் காற்றுக் குமிழியும் உதிர்ந்த மணலும் மேலே மிதக்கும். சுத்தமான இரும்பு அடியில் தங்கும். நமக்குச் சுத்தமாக வேண்டிய முகம் மேசையின் மேல்முகம். ஆகவே அச்சில் அது தலைகீழாகப் படுத்திருக்க வேண்டும். ரிப்புகள் மேலே நிற்கும். அங்கே ஒரு சின்னக் குழி விழுந்தாலும் மேசைக்கு நஷ்டமில்லை.

பெண்டோனைட் களி சேர்த்து நனைத்த மணலைப் பேட்டர்னைச் சுற்றி இடித்து இறுக்கி, பெட்டியைத் திருப்பி, பேட்டர்னைத் தட்டித் தளர்த்தித் தூக்குவது பார்க்க அரை மணி வேலை. தட்டையான பெரிய வார்ப்பு என்றால் ஊற்றுகிற வழிகளில் கவனம் வேண்டும். ஒரே மூலையில் ஊற்றினால் எதிர் மூலைக்குப் போவதற்குள் இரும்பு பதம் குறைந்து, இரண்டு ஓட்டங்கள் ஒட்டாமல் கோடு விழும். நீளப் பக்கத்தில் வரிசையாக வாய்கள் வைத்து, எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போகும்படி செய்தார்கள். ஊற்றும்போது இரும்பு 1,300 டிகிரிக்கு மேல். சில விநாடிகளில் முடிந்துவிட்டது. எண்பது கிலோவுக்கு மேல்.

அதன்பின் பேரம் பேசினேன், விலைக்கு அல்ல, நேரத்துக்கு. பெட்டியைச் சீக்கிரம் உடைத்தால் அடுத்த அச்சுக்குப் பெட்டி கிடைக்கும். பவுண்டரிக்காரருக்கு அது காசு. சூட்டோடு வெளியே எடுத்தால் ஓரங்கள் காற்றுப் பட்டு வேகமாக ஆறிக் கெட்டித்துப்போகும், நடுப்பகுதி இன்னும் சூடாக இருக்கும். கடைசியில் ஆறுகிற பகுதி சுருங்க நினைக்கும்போது ஏற்கெனவே உறைந்த ஓரம் விடாது. அந்த இழுபறி வார்ப்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல்முகத்தைச் சீவி ஒரு பக்கத்து இழுவையைக் குறைத்ததும் மறுபக்கம் ஜெயித்து, மேசை வளையும். மில்லில் இருந்து வந்த என் பழைய மேசையின் ஒரு மூலை தூக்கியிருந்ததே, அந்த மாதிரி. மறுநாள் காலைவரை மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று கேட்டு வாங்கினேன்.

அந்தக் காலத்து மெஷின் கம்பெனிகளில் வார்ப்புகளை வெளி முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டுவைத்திருந்து பிறகுதான் கடைசிச் சீவலுக்கு எடுப்பார்கள். துருப்பிடித்துக் கிடக்கும் அந்தக் குவியலைப் பார்க்கிறவர்கள் கவனிப்பாரற்றுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் அதுவும் உற்பத்தியில் ஒரு படி. இப்போது யாருக்கும் அவ்வளவு பொறுமையும் இல்லை, இடமும் இல்லை. முதல் சீவலில் ஒரு மில்லி மிச்சம் விட்டுவிட்டு, வார்ப்பைச் சூளையில் வைத்து 550 டிகிரி அளவுக்கு மெதுவாகச் சூடேற்றி, சில மணி நேரம் அப்படியே நிறுத்தி, சூளையோடு சேர்த்தே ஆறவிடுவார்கள். உள்ளே இருக்கும் இழுபறி தளர்ந்துவிடும். இந்த ஒரு படியை மட்டும் காசு மிச்சம் என்று விடாதீர்கள். இதை விட்டுச் செய்த மேசை ஒரு வருஷத்தில் தன் இஷ்டத்துக்கு வளையும்.

பிளானிங் மெஷினில் கடைசிச் சீவல் முடிந்ததும், காடியை மில்லிங்கில் எடுத்தோம். நாலு போல்ட் ஓட்டைகளின் இடத்தைப் பழைய மேசையில் இருந்து எடுத்துக் குறித்தோம். அதுவரை பழையதை உடைக்காமல் வைத்திருந்தது அதற்காகத்தான்.

தட்டை, தட்டை என்கிறேனே, எதை வைத்துத் தட்டை என்று சொல்வது? மட்டக்கோல் நேர் என்பதை இன்னொரு மட்டக்கோலை வைத்துப் பார்க்கலாம், அந்த இன்னொன்றை? சின்ன வயதில் என்னைக் குடைந்த கேள்வி இது. பதில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே பட்டறையிலும், அங்கே வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த்திடமும் இருக்கிறது. விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் அறிஞர்கள் கூட்டத்தில் இதைக் கட்டுரையாகவே படித்தார். இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி சுரண்டினால் அவை தட்டையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒன்று குழிவாகவும் மற்றது மேடாகவும் இருந்தாலும் நன்றாகப் பொருந்தும். மூன்றாவது தகடு ஒன்றைக் கொண்டுவந்து, எந்த இரண்டை வைத்தாலும் பொருந்த வேண்டும் என்று நிபந்தனை போட்டால் ஏமாற்ற வழியில்லை. குழிவும் மேடும் சேரும், குழிவும் குழிவும் சேராது. மூன்றும் தட்டையானால் மட்டுமே மூன்று ஜோடியும் பொருந்தும். எந்த மூலப் பிரதியும் இல்லாமல், நீலச் சாயமும் சுரண்டு உளியும் பொறுமையும் மட்டும் கொண்டு தட்டை என்பதை உண்டாக்கிக்கொள்ளலாம். நாங்கள் மட்டப்பலகைகளைச் சோதிப்பதும் இதே முறைதான், மரத்தில்.

மரம் அறுக்கிற மேசைக்குச் சுரண்டல் வேலை தேவையில்லை. முழு நீளத்தில் பத்தில் ஒரு மில்லிக்குள் இருந்தால் தாராளம். அதற்கு மேல் துல்லியம் கேட்பது வீண் செலவு. மரமே மழைக்காலத்துக்கும் பங்குனி வெயிலுக்கும் அதைவிட அதிகமாக அசைகிறது.

மேசையைப் பொருத்துவதற்கு முன் மெயின் ஸ்விட்சில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பட்டறையில் இன்னொருவர் உள்ளே வந்து, எதற்கோ என்று பழக்கத்தில் போட்டுவிடுவார். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு மேசையை உடம்பின்மேல் இறக்கி, மூன்று போல்ட்டை லேசாகவும் ஒன்றைக் கொஞ்சம் கூடவும் பிடித்தோம். எந்த மூலையில் இடைவெளி இருக்கிறதோ அங்கே பித்தளைத் தகடு. இடைவெளியைத் தகடால் நிரப்பாமல் போல்ட்டை முறுக்கி இறக்கினால், இவ்வளவு பாடுபட்டு எடுத்த தட்டை அந்த ஒரு முறுக்கில் போய்விடும்.

பிறகு காடியைப் பிளேடுக்கு இணையாக்க வேண்டும். பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி. காடியில் ஓடும் கட்டையில் டயல் கேஜைப் பொருத்தி, முன்பக்கம் அந்தப் பல்லைத் தொட்டு அளவு பார்ப்பது. பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்ப்பது. அதே பல்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லின் வளைவை அளந்துவிட்டு மேசையைக் குறை சொல்வோம். வித்தியாசம் பத்தில் ஒரு மில்லிக்குள் வரும்வரை மரச் சுத்தியலால் மேசையின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வந்ததும் போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி, முடித்தபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். முறுக்கும்போது நகராத மேசையை நான் பார்த்ததில்லை.

டயல் கேஜ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. அகலமான ஒரு பலகையைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய இரண்டு துண்டில் ஒன்றை மட்டும் மல்லாத்திப் போட்டு, வெட்டு முகங்களைச் சேருங்கள். வெட்டு நேர்கோணமாக இருந்தால் சேரும். இல்லாவிட்டால் இருக்கிற தப்பு இரண்டு மடங்காக இடைவெளியில் தெரியும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை எந்தத் தச்சுப் பட்டறையிலும் வாரம் ஒருமுறை செய்யலாம்.

பிளேடு வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய மேசையில் அந்தப் பிளவு அடிபட்டு அடிபட்டு விரல் நுழையும் அகலம் ஆகியிருந்தது. 300 மில்லி பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். ஒல்லியான சில்லு அந்த இடைவெளிக்குள் சாய்ந்து பிளேடுக்கும் மேசைக்கும் நடுவில் இறுகினால், எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. அறுத்த மரம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால் இன்னும் மோசம். பின்பக்கத்துப் பற்கள் மேல்நோக்கி வருபவை. மரத்தை அப்படியே தூக்கி அறுப்பவர் வயிற்றை நோக்கி வீசும். எங்கள் தொழிலில் பத்து விரலும் முழுதாக உள்ள பெரியவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்று ஒரு கசப்பான கிண்டல் உண்டு.

அதனால் புது மேசையில் வாயைப் பெரிதாக விட்டு, அதில் கழற்றி மாட்டும் மரத் தகடு வைத்தேன். தகட்டில் முன்கூட்டியே பிளவு எதுவும் போடவில்லை. அதை மாட்டி, ஒரு கட்டையால் அழுத்திக் கிளாம்ப் போட்டுவிட்டு, பிளேடை அடியிலிருந்து மெல்ல மேலே ஏற்றினால் தனக்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவுதான் பிளேடு அறுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் இடைவெளியே இல்லை. அடிப்பக்கத்து நார் பிய்வதும் நின்றது. தகடு தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று. பிளேடுக்குப் பின்னால் மரம் மூடிக்கொள்ளாமல் தடுக்கிற கத்தித் தகட்டையும் திரும்ப மாட்டினேன். பல பட்டறைகளில் அது இடைஞ்சல் என்று கழற்றிப் பரணில் கிடக்கிறது. தயவுசெய்து இறக்கி மாட்டுங்கள்.

வார்ப்பு மேசை எல்லாருக்கும் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் பாதி மரப் பட்டறைகளில் ஆங்கிள் இரும்பு ஸ்டாண்டின்மேல் ஒரே ஒரு பிளைவுட் பலகையைத் திருகி ரம்பம் ஓட்டுகிறார்கள். அலமாரி, கட்டில் வேலைக்கு அது போதும். அங்கே மேசை மாற்றுவது ஒரு மதிய வேலை. ஆனால் ஒற்றைப் பலகை வேண்டாம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 19 மில்லி மரைன் பிளைவுட் இரண்டை முழுப் பரப்புக்கும் பசை தடவி ஒட்டுங்கள். சன்மைக்காவை மேலே மட்டும் ஒட்டினால் ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கிப் பலகை வளையும், அதனால் அடிப்பக்கமும் ஒட்ட வேண்டும். ஸ்டாண்டின் நாலு ஆங்கிளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு நூலும் நடுவில் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஸ்டாண்டு முறுக்கியிருந்தால் புதுப் பலகையும் ஒரே வாரத்தில் அதே முறுக்குக்கு வந்துவிடும்.

இரும்பு மேசைக்குப் பராமரிப்பு கொஞ்சம் கூட. ஐப்பசி மழையில் வியர்த்த உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனால் காலையில் அஞ்சு விரலும் துருவாகப் பதிந்திருக்கும். சிலர் எண்ணெய் தடவுகிறார்கள். எண்ணெய் மரத்தில் ஏறினால் பசையும் பிடிக்காது, பாலிஷும் பிடிக்காது. மெழுகைத் தடவி, காய்ந்ததும் துணியால் பளபளவென்று தேய்த்துவிடுவதுதான் சரி. துருவும் வராது, மரமும் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் சிலிகான் சமாசாரம் மர வேலைக்கு ஆகவே ஆகாது.

பழைய மேசையைச் சம்மட்டியால் உடைத்துப் பவுண்டரியிலேயே எடைக்குப் போட்டேன். சாம்பல் வார்ப்பிரும்புத் துண்டு எந்த உலைக்கும் நல்ல தீனி. புது மேசைக்கான பில்லில் அதைக் கழித்துக்கொண்டார்கள். பில்லில் பெரிய தொகை வார்ப்புக்கு அல்ல, மெஷினிங்குக்குத்தான். பேட்டர்ன் கூலியை நான் யாரிடம் கேட்பது?

ஆனால் பேட்டர்ன் கையில் இருக்கிறது. இதே மெஷின் வைத்திருக்கும் போத்தனூர்க்காரர் ஒருவர் வந்து மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று ஊற்றித் தரச் சொன்னார். போய் அளந்து பார்த்தேன். அவர் மெஷின் உடம்பில் பின்பக்கத்து இரண்டு போல்ட்டும் அரை அங்குலம் உள்ளே தள்ளி இருக்கிறது. பேட்டர்னின் அடியில் அந்த இரண்டு போல்ட்டுக்கான குமிழ்களைப் பெயர்த்து நகர்த்தி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மெழுகு காய்ந்ததும் மோல்டரிடம் போகும். முகம் கீழே என்று இந்த முறை பலகையிலேயே எழுதிவிட்டேன்.